பால் கொடுக்கும் நேரம்

எண்பதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் அப்போது இன்றைக்கு இருக்கிற மாதிரி பெரிய பெரிய கம்பெனிகள் கிடையாது. ரெண்டு பக்கமும் வயல், ஏரி, நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கம்பெனி. மின்விசிறிக்கு உள்ளே இருக்கிற காயிலுக்குச் செம்புக் கம்பி சுற்றுவதுதான் அங்கே வேலை. பொம்பளை விரலுக்குத்தான் அந்த நுணுக்கம் வரும் என்று எங்களையே சேர்ப்பார்கள். பொம்பளைக்குச் சம்பளம் குறைச்சலாகக் கொடுத்தால் போதும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நான் காலனிப் பெண். மகள் பிறந்து மூணு மாசத்தில் திரும்ப வேலைக்குப் போனேன். வீட்டுக்காரர் கல் உடைக்கப் போய்விடுவார், என் அம்மா நடவுக்குப் போய்விடுவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளே இல்லை. அப்புறம் எப்படிப் போனாய் என்கிறீர்களா? ஒரு சட்டம் இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்கு ஒரு ரூமும் ஓர் ஆயாவும் இருக்க வேண்டும். ஷிப்டு நடுவில் தாய்க்கு ரெண்டு தடவை பால் கொடுக்க நேரம் விட வேண்டும். எந்தப் புண்ணியவான் எழுதினாரோ, நன்றாக இருக்கட்டும்.

கம்பெனிக்காரர்கள் பழைய ஸ்டோர் ரூமை அதற்கு ஒதுக்கினார்கள். ஜன்னல் இல்லை, ஒரே ஒரு பல்பு. கூரைக் கம்பியில் கொக்கிகளை மாட்டி, அவரவர் பழைய புடவையில் தூளி கட்டிக்கொள்வோம். முதலில் எங்கள் பிள்ளைகள் மட்டும்தான். ஊர்ப் பெண்கள் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, ரவிக்கை நனைய நனைய கம்பி சுற்றுகிற லைனில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஆனால் அவர்கள் தூளி உள்பக்கம், எங்கள் தூளி வாசல் பக்கம். யாரும் சாதி என்று வாயைத் திறக்கவில்லை. அதற்கும்தான் ஒரு சட்டம் இருந்ததே! "வாசப்பக்கம்னா காத்து வரும், உங்க புள்ளைங்களுக்கு நல்லது" என்றார்கள். அடேயப்பா, என்ன அக்கறை!

மேனேஜருக்கு அந்த ரூம் ஒரு தலைவலி. "ஊர்ப் பொம்பளைங்க வரலைன்னா, நாலு பேருக்காக இதை நடத்த முடியாது. கல்யாணம் ஆகாத பொண்ணுங்களா எடுத்துக்கிறேன்" என்று காது படவே சொல்வார். அதனால் எனக்குள் எப்போதும் ஒரு பயம். ஊர்க்காரர்கள் கோபித்துக்கொண்டு பிள்ளைகளைத் தூக்கிப்போனால் ரூம் மூடிவிடும், ரூம் மூடினால் என் வேலை போய்விடும்.

லைனில் எனக்கு நேர் எதிரே உட்காருகிறவர் விவசாயக் குடும்பத்துப் பெண். அவருக்கும் கைப்பிள்ளைதான், ஆண் குழந்தை. மாசக்கணக்கில் முகத்துக்கு முகம் வேலை செய்தோம், ஆனால் பேச்சு கிடையாது. ஊருக்குள் என்றால் நான் அவரை 'அம்மா' என்று குனிந்து கூப்பிட வேண்டும். கம்பெனியில் அப்படிக் கூப்பிட எனக்கு மனசில்லை, 'அக்கா' என்று கூப்பிடத் தைரியமில்லை. அதனால் ஒன்றும் கூப்பிடாமலே காலத்தை ஓட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் பேய்மழை. கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றதும் சூப்பர்வைசர், "சும்மாதான உக்காந்திருக்கீங்க, இப்பவே போயி பால் குடுத்துட்டு வந்துடுங்க" என்று விரட்டினார். எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடினோம். உள்ளே கும்மிருட்டு. ஆயாவின் தீப்பெட்டி நமத்துப்போய்விட்டது. வாசல் பக்கம் கையை நீட்டினால் என் தூளியைக் காணோம். சாரல் அடிக்கிறதென்று ஆயா எல்லாத் தூளியையும் உள்ளே தள்ளி, கிடைத்த கொக்கியில் மாட்டிவிட்டிருந்தார்.

தடவித் தடவிப் போகிறேன். ஒரு சத்தம் கேட்டது. என் மகள் பால் குடிக்கும்போது 'ம்ம், ம்ம்' என்று முனகுவாள். அது எனக்குத் தெரியாதா? என் மகள் யாரிடமோ பால் குடிக்கிறாள்!

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் கலவரம். சொல்லாவிட்டால், வெளிச்சம் வந்தபிறகு அதைவிடப் பெரிய கலவரம். நான் முடிவு பண்ணுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

லைனில் எனக்கு எதிரே உட்காருகிற அவர்தான். அவருடைய வழக்கமான கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்; அதில் இப்போது தொங்கியது என் தூளி. குனிந்து பிள்ளையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பக்கத்திலிருந்த ஊர்ப் பெண் ஒருத்தி, "அய்யய்யோ, அது காலனிப் புள்ளடி! எட்றி!" என்று கத்தினாள்.

என் வேலை அன்றைக்கே போயிற்று என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்க் கையை நீட்டி, "குடுத்துடுங்க, தெரியாம ஆயிடுச்சு, குடுத்துடுங்க" என்றேன். அவர் பிள்ளையோடு தோளை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கைய எடு. புள்ள குடிச்சிக்கினு கீது. குடிக்கிற வாய்லேர்ந்து புடுங்கச் சொல்றியா?"

பக்கத்துத் தூளியில் அவர் மகன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"இன்னா மரமாட்டம் நிக்கிற? என் புள்ள கத்திக்கினு கீறான் பாரு. எடுத்துக் குடு."

ஊர்ப் பிள்ளையை நான் அதுவரை தொட்டதே இல்லை. அவனைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு என்ன தெரியும்? வாயை வைத்ததும் ஒரு கடி! "ஏங்க, கடிக்கிறான்" என்று அலறிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவன் அப்டித்தான். மூக்க லேசா புடி, வுட்டுடுவான். உன் பொண்ணு மட்டும் இன்னாவாம், இந்த இழுப்பு இழுக்கறா! அப்பவே நெனச்சேன், இது நம்ம புள்ள இல்லியேன்னு."

எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டே கொடுத்தேன்.

மறுநாள் ஊர்ப் பெண்கள் ரெண்டு பேர் பிள்ளையைக் கொண்டுவரவில்லை. மூணாவதாக அவரும் வராவிட்டால் மேனேஜருக்குச் சாக்குக் கிடைத்துவிடுமே! கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். வந்தார், இடுப்பில் மகனோடு. நேரே ரூமுக்குள் போய், என் மகளின் தூளிக்குப் பக்கத்துக் கொக்கியில் அவன் தூளியை மாட்டினார்.

"வூட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சொல்லாம இருப்பாங்களா? மாமியா வாசல்லயே நிறுத்தி, தலைல தண்ணி ஊத்திக்கினு உள்ள வான்னாங்க. அவ்ளோ மழைல நனைஞ்சிக்கினுதான வரேன், அதுக்கு மேல இன்னாத்த ஊத்திக்கறதுன்னு கேட்டேன்."

மற்ற ரெண்டு பேரும் பத்து நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். பால் கட்டிக்கொண்டால் வலி எல்லாருக்கும் ஒன்றுதானே! ரூம் மூடவில்லை. என் வேலையும் போகவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் என் மகளைப் படிக்க வைத்தேன்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். அவர் வீட்டுக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. லைனில் மட்டும் நிறையப் பேசினோம்.

சட்டம் போட்டு மனுஷன் மனசை மாற்ற முடியுமா என்று யாராவது பேசினால் நான் வாதாடுவதில்லை. முடியாதுதான். ஆனால் அவர் பிள்ளையையும் என் பிள்ளையையும் ஒரே இருட்டில் தூங்க வைத்தது அந்தச் சட்டம்தானே!