பாத்திரம் கழுவினால் உறுமும் பெட்டி

லவினாவுக்கு அப்போது பதினான்கு வயதிருக்கும். மாரிகுப்பம் சர்ச்சில் ஒரு கல்யாணம். பாட்டு எண்களை மாட்டும் பலகையில் இருந்த 6-ஐ எட்டித் தலைகீழாகத் திருப்பிவிட்டு, நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்துகொண்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து உள்ளே வர, சபையே எழுந்து நின்று அடக்க ஆராதனைப் பாட்டைப் பாடத் தொடங்கியது. ஆர்கன் வாசித்தவரும் பலகையைப் பார்த்துத்தான் வாசித்தார். இரண்டாவது வரி முடியும்வரை யாருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கு வாங்கிய அடியை லவினா எப்போதோ மறந்துவிட்டாள். பாதி ராகத்தில் வாய் திறந்தபடியே நின்றுபோன பெண்ணின் மாமா முகத்தை மட்டும் மறக்கவில்லை.

இப்போது நாற்பத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையலைச் சரிபார்க்கும் சூப்பர்வைசர். தினம் வேலைக்குப் போகும் விடிகாலை ரயிலில் எதிர்சீட்டுக்காரர்கள் தூங்கினால் அவர்களுடைய செருப்புகளை ஜோடி மாற்றி வைப்பாள். பங்காருப்பேட்டை வந்ததும் ஆளாளுக்குக் குனிந்து தேடுவார்கள். லவினா ஜன்னல் பக்கம் திரும்பி ஜெபம் பண்ணுகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள்.

அவள் கணவர் டென்சில் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறார். சர்ச்சிலும் கல்யாண வீடுகளிலும் கிட்டார் வாசிப்பார். கூட டிரம்ஸ் அடிப்பது அவருடைய நண்பன் டென்னிஸ். சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை இல்லை என்று டென்சில் கண்டிப்பாகச் சொல்வார். ஆனால் கம்பி அறுந்த அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை மறுபடி மேடைக்குப் போடமாட்டார். கிட்டாரை எடுக்கும் முன் இடது காதைத் தொடாமல் இருக்கமாட்டார்.

போன பிப்ரவரியில் கூரியரில் அவருக்கு ஒரு டப்பா வந்தது. ஃபஸ் பெடல் கிட். காலால் மிதிக்கிற சின்னக் கறுப்பு அலுமினியப் பெட்டி. உள்ளே வைக்கவேண்டிய சாமான்கள் எல்லாம் தனித்தனியாக வரும், நாமே ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, சால்ட்ரிங் செய்து கட்டிக்கொள்ள வேண்டும். கட்டி முடித்து மிதித்தால், அதுவரை பதவிசாகப் பேசிக்கொண்டிருந்த கிட்டார் தகரத்தைக் கிழிப்பதுபோல் உறுமும்.

"இன்னாத்துக்குங்க இது? இருக்கிற சத்தம் போதலியா?" என்றாள் லவினா.

"உனக்கு இன்னா தெரியும் லவி? கிட்டாருக்கு ஒரு கோபம் வேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜை முழுக்க வயரும் ஈயமும் புகையுமாகக் கிடந்தது. விரலை இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டு ஒருவழியாகப் பெட்டியை முடித்தார். ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, காதைத் தொட்டு, மிதித்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் சுத்தமாக நின்றுபோனது. காலை எடுத்து இன்னொரு தரம் மிதித்தால் விளக்கு அணைந்து பழைய கிட்டார் சத்தம் வந்தது.

"இன்னாங்க, கோபத்தைக் காணோம்?"

டென்சில் பாட்டரியை மாற்றினார். வயரை மாற்றினார். பெட்டியைத் தட்டினார். கிட் விற்றவனுக்குப் போன் போட்டுக் கத்தினார். அவன் கன்னடத்தில் பொறுமையாக, ஒவ்வொரு ஈயப் பற்றையும் நிதானமாகப் பாருங்கள் சார் என்றான். பார்ப்பது லவினாவின் தொழில். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ட்யூப்லைட் அடியில் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இங்க பாருங்க, ரெண்டு ஈயம் ஒண்ணுக்கொண்ணு முத்தம் குடுத்துகினு கீது."

அவர் அதைப் பிரித்துவிட்டார். அந்த உற்சாகத்தில், குட்டியாக மூன்று கால் வைத்த ஒரு டிரான்சிஸ்டர் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்பதை அவரே கண்டுபிடித்து மாற்றிப்போட்டார். இப்போது சத்தம் வந்தது. கொசு ஒன்று தீப்பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட சத்தம்.

உள்ளே மிளகு அளவில் ஒரு திருகு உண்டு. அது நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் பெட்டி உறுமும், இல்லாவிட்டால் முனகும். டென்சில் அதை இந்தப் பக்கம் கடைசிவரை ஒரு தரம், அந்தப் பக்கம் கடைசிவரை ஒரு தரம் திருகிவிட்டு, "இது சும்மா வெச்சிகீறான், ஒண்ணுத்துக்கும் உதவாது," என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

லவினா தையல் மிஷினின் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நகத்தால் கம்பியைச் சுண்டிக்கொண்டே வந்தாள். நடுவில் ஓரிடத்தில் பெட்டி "ஹ்ர்ர்" என்றது. அவள் சட்டென்று கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கொல்லையிலிருந்து வந்தவரின் கையெல்லாம் அழுக்கு.

"கையைக் கழுவிகினு வந்து வாசிங்க. அப்படியே தொட்டியில கீற பாத்திரத்தையும் ஒரு கை பாத்துடுங்க," என்றாள், பாதி விளையாட்டாக.

இருபத்தோரு வருஷக் கல்யாணத்தில் செய்யாததை, மனம் சோர்ந்திருந்ததாலோ என்னவோ, டென்சில் அன்றைக்குச் செய்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து மிதித்தார். பெட்டி உறுமிய உறுமலில் சுவரில் இருந்த காலண்டர் ஆடியது. அடுத்த வீட்டுப் பாப்பம்மா ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டென்சிலு, மிக்சி எரிஞ்சிபோச்சா?"

டென்சில் கிட்டார் கம்பியை அமுக்கினார். பெட்டியைப் பார்த்தார். பிறகு பாத்திரத் தொட்டியைப் பார்த்தார். லவினா அதைக் கவனித்தாள். அவளுக்குள் பதினான்கு வயசு எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம், தின்ற தட்டை அப்படியே போட்டுவிட்டு அவர் பிராக்டிசுக்கு உட்கார்ந்தபோது பெட்டி முனகியது. பெட்டியின் அடித்தகட்டை அவர் ஆணி போட்டு முறுக்கவில்லை, ரப்பர் பேண்டு போட்டுத்தான் வைத்திருந்தார். அதைத் திறந்து திருகை நகர்த்திவிடுவது அவளுக்குச் சுலபம். டென்சில் எல்லா ஈயப் பற்றையும் ஒருமுறை சூடுகாட்டிப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரே ஒரு டம்ளரைக் கழுவிவிட்டு வந்து மிதித்தார். முனகல்தான். பெருமூச்சு விட்டுப் போய் எல்லாவற்றையும் கழுவினார். அதற்குள் லவினா திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். பெட்டி புலிமாதிரி எழுந்தது.

அதிலிருந்து அந்த வீட்டில் தொட்டி பளபளத்தது. சட்டி அடியில் கரி மிச்சமிருந்தால் பெட்டியின் சத்தத்திலும் ஒரு கரகரப்பு இருந்தது. டென்சில் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்க்கக் கற்றுக்கொண்டார். விஷயத்தை டென்னிசிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார்.

"மச்சான், சிரிக்காத. தண்ணியில கை பட்டா விரல்ல ஒரு பவர் வருது."

டென்னிஸ் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அவனும் ரகசியமாக இரண்டு தட்டு கழுவினான். அடுத்த நாள் டிரம்ஸ் கொஞ்சம் சுத்தமாகக் கேட்டதாக அவனுக்குப் பட்டது.

மே மாதம், அவர்கள் சர்ச்சுக்கு வருகிற சுந்தரராஜ் தன் மகள் ஷோபாவின் கல்யாண வரவேற்பை ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு வைத்தார். மதியச் சாப்பாடு, பாட்டுக் கச்சேரி. பெண் மேடையேறும்போது டென்சிலின் கிட்டார் தனியாக உறுமவேண்டும் என்று ஏற்பாடு. லவினா அன்றைக்கு விளையாடக்கூடாது என்று முடிவெடுத்திருந்தாள். திருகைக் காலையிலேயே சரியாக வைத்துப் பார்த்துவிட்டாள். எத்தனை குறும்பானாலும் ஊர் முன்னால் புருஷனைத் தலைகுனிய வைக்கமாட்டாள்.

ஷோபா வந்தாள். எல்லோரும் எழுந்தார்கள். டென்சில் காதைத் தொட்டு மிதித்தார். பெட்டி "பர்ர்" என்றது. கேட்கக்கூடாத இடத்தில் கேட்கக்கூடாத சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டென்சில் கூட்டத்தில் லவினாவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவருக்கு அது வேறுவிதமாகப் புரிந்தது. காலையில் ஓட்டலில் வாங்கி வந்த இட்லி. வீட்டில் ஒரு கரண்டிகூடக் கழுவவில்லை! கிட்டாரைக் கழற்றி வைத்தார். டென்னிஸ் காதில் என்னவோ சொன்னார். மேடைக்குப் பின்பக்கம் இறங்கி ஓடினார். டென்னிஸ் எல்லாம் புரிந்தவனாகத் தனியாக டிரம்ஸை வெளுத்துக்கட்டத் தொடங்கினான்.

லவினா மேடைக்குப் போய் பெட்டியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பந்தல் துணியின் கிழிசல் வழியாக வெயில் நேராக அதன் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது; கறுப்புப் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. வீட்டில்கூட அது உச்சிவெயில் நேரத்தில் தானாகச் சிணுங்கும், தன் திருகல்தான் தப்பிவிட்டது என்று நினைத்திருந்தாள். பெட்டிக்குச் சூடு ஆகாது! வயரைப் பிடுங்கி, அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்த ஐஸ் தொட்டிக்குள் அமுக்கினாள். ஆரஞ்சு கேட்டு வந்த ஒரு தாத்தாவை, "அது தீந்துபோச்சுங்க," என்று விரட்டினாள்.

அங்கிருந்து சமையல் கொட்டகை தெரிந்தது. கோட்டைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, டென்சில் பிரியாணி அண்டாவுக்குள் இடுப்புவரை கவிழ்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். சமையல்காரர் மாணிக்கராஜ் கரண்டியோடு உறைந்து நின்றார்.

"சார், வுடுங்க சார், இதெல்லாம் நீங்க..."

"கை வைக்காதீங்க! அடியில இன்னும் கொஞ்சம் கீது," என்று அண்டாவுக்குள்ளிருந்து குரல் வந்தது.

பெட்டி குளிர்ந்ததும் லவினா அதைத் துடைத்து, நிழலான பக்கம் நகர்த்தி வைத்து வயரை மாட்டினாள். டென்சில் முழங்கை வரை ஈரமாக மேடையேறினார். மிதித்தார். பெட்டி உறுமிய உறுமலுக்குப் பந்தலே நிமிர்ந்தது. மணப்பெண் ஷோபா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். சுந்தரராஜ் ஓடிவந்து டென்சிலைக் கட்டிக்கொண்டு, ஏன் இப்படி மசாலா வாசனை என்று குழம்பினார். கச்சேரி முடிந்ததும் மாணிக்கராஜ் லவினாவிடம் மெதுவாக வந்தார்.

"அம்மா, வர்ற வாரம் ஆண்டர்சன்பேட்டையில ஒரு கல்யாணம் கீது. சார் ஃப்ரீயா? கிட்டாருக்கு இல்ல."

அன்றோடு போதும் என்று லவினா நினைத்தாள். வீட்டுக்கு வந்ததும் திருகைச் சரியான இடத்தில் நிறுத்தி, அடித்தகட்டை நாலு பக்கமும் இறுக்கி முறுக்கினாள். பெட்டிக்கு வெயில் ஆகாது என்பதை மட்டும் அவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார், ஆனால் பெரியவர்கள் குழந்தைப் பேச்சுக்குத் தலையாட்டுகிற மாதிரி.

அடுத்த ஞாயிறு மனசு கேட்காமல், அவர் சர்ச்சிலிருந்து வருவதற்குள் ஒரு ஸ்பூன் விடாமல் எல்லாவற்றையும் அவளே கழுவி அடுக்கி வைத்தாள். டென்சில் வந்தார், காலித் தொட்டியைப் பார்த்தார், அவர் முகம் விழுந்துபோயிற்று.

"இன்னா லவி இது, இன்னிக்கு டென்னிசு வேற பிராக்டிசுக்கு வர்றானே," என்றார். அலமாரியைத் திறந்து, கழுவி வைத்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கித் தொட்டியில் போட்டு, குழாயைத் திறந்தார்.

லவினா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பாப்பம்மா வீட்டுக்கு ஓடினாள்.