வயது 65, உடன்பிறந்தோர் 78

சேரன்மகாதேவி சண்முகசுந்தரியிடம் யாராவது, "உன் புரோகிராமில் தப்பு இருக்கு" என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வராது, சிரிப்புதான் வரும். கணக்கில் பட்டம், ஒரு கம்ப்யூட்டர் படிப்பு, இரண்டுக்கும் மேலே பிறவியிலேயே வந்த தன்னம்பிக்கை. மாடக்கண்ணு அண்ணாச்சி தொண்ணூற்றேழில் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்த வீடியோ கேசட் கடையை மூடிவிட்டுத் திருமணத் தகவல் மையம் திறந்தார். வரன்களின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்துத் தரும் புரோகிராமை அவள்தான் எழுதினாள். அங்கேயே வேலைக்கும் சேர்ந்துகொண்டாள்.

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் என்றால் பக்தி. காலையில் சாமி படத்துக்குக் காட்டும் சாம்பிராணியை அதற்கும் காட்டுவார்.

"கேசட்டு டேப்பு அடிக்கடி சிக்கும். இது சிக்காதுல்லா?"

"நான் எழுதுனது அண்ணாச்சி. சிக்காது" என்றாள் சுந்தரி.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, முன்மண்டையில் முடி குறைந்த ஒருவர் கையில் தாளோடு உள்ளே வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்க்கும் சங்கரசுப்பிரமணியன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"யாரு இத அடிச்சது?"

"கம்ப்யூட்டரு" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"அப்பம் அதையே வாசிக்கச் சொல்லும்."

சுந்தரி தாளை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயர் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. அதன் கீழே வயது 65. அதற்கும் கீழே உடன்பிறந்தோர் 78.

"அம்பாசமுத்திரத்துல ஒரு வீட்டுக்கு இது போயிருக்கு. பொண்ணோட அப்பா போன் பண்ணுதாரு. 'எனக்கே அம்பத்தெட்டுதான் ஆகுது, மாப்பிள்ளைய நான் அண்ணாச்சின்னுல்லா கூப்பிடணும்'ங்காரு. எனக்குக் கூடப்பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி. இத வாசிச்சுட்டு எங்கம்மா ரெண்டு நாளா என்கூடப் பேசல."

சுந்தரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தலையைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம், அறுபத்தைந்து கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"நீங்க பிறந்த தேதிய மாத்திச் சொல்லியிருப்பீங்க சார்."

"தேதிய மாத்துனா வயசு கூடும். தம்பி தங்கச்சி எழுபத்தெட்டு எப்படிம்மா பொறக்கும்?"

அவர் போனபின் அண்ணாச்சி பழைய நகல்களைக் கிளறினார். "இந்தா, சண்முகசுந்தரம்னு ஒருத்தன். வயசு சைபர்னு போட்டிருக்கு. இவன் வீட்டு ஆளுக ஏன் சண்டைக்கு வரல?"

அன்று சாயங்காலமே சுந்தரி, புரோகிராம் இருந்த பிளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு ஓடினாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவளுடன் படித்த ஜெபராணி பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எங்களுக்குப் புது கம்பைலர் வந்திருக்கு. அதுல ஒரு காவல்காரன் உண்டு. உன் புரோகிராம் தனக்கு ஒதுக்குன எடத்தத் தாண்டிக் கை வச்சா, அங்கனயே நிறுத்தி, எந்த வரியில கை வச்சன்னு சொல்லிருவான்."

"என் புரோகிராமுல அவனுக்கு வேலையே இருக்காது" என்றாள் சுந்தரி.

காவலை முடுக்கிவிட்டுப் புரோகிராமைப் புதிதாகக் கம்பைல் செய்தார்கள், அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றினார்கள். பெயர் கேட்ட இடத்தில் சுந்தரி வழக்கம்போலத் தன் பெயரையே அடித்தாள். கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை.

"பாத்தியா?"

"பாத்தேன். இப்பம் அந்த மனுசன் பேர அடி."

அடித்தாள். கடைசி எழுத்தைத் தட்டி எண்டரை அமுக்கியதும் கம்ப்யூட்டர் கீச்சென்று கத்தி நின்றது. திரையில் ஒரு பெட்டி. பெயருக்கு ஒதுக்கிய இடம் பதினாறு, எழுதப் பார்த்தது பத்தொன்பது என்று வரி எண்ணோடு அதில் இருந்தது.

சுந்தரிக்குக் காது சூடானது. பெயருக்குப் பதினாறு இடம் போதும் என்று முடிவு கட்டியவள் அவளேதான். ஆங்கிலத்தில் அவள் பெயருக்குப் பதினைந்து எழுத்து, பெயர் முடிந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் முடிவுக்குறிக்கு ஒன்று. அதைவிட நீளமான பெயர் திருநெல்வேலியில் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. வயதும் உடன்பிறந்தோர் எண்ணிக்கையும் முதலில் ஏறி, பெயருக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்திருந்தன. பெயரைப் புரோகிராம் கடைசியில்தான் கேட்டு வாங்கியது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து இடித்தால் ஓரத்தில் இருப்பவர் மடியில்தானே உட்காருவார்? அவர் பெயரில் பதினாறுக்கு மேல் மிஞ்சிய A வயதின் மேல் ஏறியது, N உடன்பிறந்தோர் மேல் ஏறியது. கம்ப்யூட்டர் கணக்கில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு; A என்றால் 65, N என்றால் 78. சண்முகசுந்தரத்துக்கு மிஞ்சியது முடிவுக்குறி மட்டும். அதன் மதிப்பு பூஜ்யம்.

அதைத் திருத்திவிட்டு ஓட்டினால் பெட்டி மறுபடி வந்தது. வேலை முடிந்து கம்ப்யூட்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை அவள் புரோகிராம் இன்னும் படித்துக்கொண்டிருந்ததாம். வாடகை வீட்டைக் காலி செய்தவன் மறுநாள் வந்து அதே அடுப்பில் காப்பி போட்டுக் குடிக்கிற கதை. அதையும் திருத்தினாள், இன்னொன்று வந்தது. ஜெபராணி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள்.

மறுநாள் சுந்தரி அண்ணாச்சியிடம் தப்பு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. "அந்தக் காவல்காரப் பயல நம்ம கடைக்கே கூட்டிட்டு வந்துருவமா? டீ, வடை நம்ம பொறுப்பு" என்றார். அது ஆள் இல்லை, சோதிக்கிறபோது மட்டும் உள்ளே வைப்பது, வைத்தால் புரோகிராம் நத்தையாய் நகரும், சோதித்தபின் அது இல்லாமல் கம்பைல் செய்து கடைக்குக் கொண்டுவருவோம் என்று அவள் விளக்கினாள். "அப்பம் டீ மிச்சம்" என்றார் அண்ணாச்சி.

சங்கரசுப்பிரமணியன் வந்து புதுத் தாளை வாங்கிப் பார்த்தார். வயது 31, உடன்பிறந்தோர் 1. சுந்தரி மன்னிப்புக் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. பிறகு மேஜைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, இருபத்தெட்டுன்னு போட முடியுமா?"

"அறுபத்தஞ்சுக்கு அவ்வளவு சண்டை போட்டீங்களே சார்!"

"அது கூட்டிப் போட்டது. இது கொறச்சுப் போடுதது."

"மூணு வயசுதானம்மா" என்று அண்ணாச்சி சிபாரிசு செய்தார். "அதையும் காவல்காரன் பிடிச்சிருவானோ?"

"அவன் பிடிக்க மாட்டான் அண்ணாச்சி. ஆனா நான் போட மாட்டேன்."

முப்பத்தொன்றாகவே தாள் அம்பாசமுத்திரம் போனது. அந்த வீட்டில் வயதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமனார் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளை கம்பத்தில் ஏறுகிறவரா, ஆபீஸில் இருப்பவரா என்பதுதான். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் சுந்தரியும் ஜெபராணியும் வண்ணார்பேட்டையில் அடுத்தவர்கள் எழுதிய புரோகிராம்களைச் சோதித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிளாப்பியோடு நெஞ்சை நிமிர்த்தி வருகிறவர்கள், போகும்போது தோளைத் தொங்கப்போட்டுப் போனார்கள். சுந்தரிக்கு அவர்களைப் பார்த்துச் சிரிப்பு வராது. மூன்று பேர் சீட்டில் நாலாவதாய் வந்து இடித்தவர் கதையைச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவாள்.

ஒரு சனிக்கிழமை ரைஸ்மில் நடத்தும் அம்மாள் ஒருத்தி கூலிக்கணக்குப் புரோகிராமோடு வந்தாள்.

"உங்க மில்லுல ரொம்ப நீளமான பேரு யாருக்கும்மா?" என்று கேட்டாள் சுந்தரி.

அம்மாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரவுகளுக்குத்தான். நான் எப்படி அந்தப் பேரச் சொல்லுதது?"

சுந்தரி கீபோர்டை அவள் பக்கம் பைய நகர்த்தினாள்.

"சொல்ல வேண்டாம்மா. அடிங்க."