அக்காவுக்குக் கொடுத்த பந்து

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. மீன் குழம்பில் நடுத்துண்டு அப்பாவுக்கு, அடுத்தது அக்காவுக்கு, வால் எனக்கு. தீபாவளித் துணியும் முதலில் அக்கா கைக்குத்தான் போகும். அவள் என்னைவிட இரண்டே வயது மூத்தவள். இதில் எனக்கு எந்த மனக்குறையும் இருந்ததில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதைப் பற்றி யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லையே, அதுபோலத்தான்.

சிக்கல் கால்பந்தில் வந்தது.

மணப்பட்டுக் கடற்கரையில், வலை காயப்போடும் மணலில், நாங்கள் இருவரும் பந்து பழகினோம். அப்போது நான் ஏழாவது, அக்கா ஒன்பதாவது. பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. மிஸ் பெண்களுக்கும் ஓர் அணி சேர்த்தார். பதினோரு பேரைப் பிடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. ஒருத்தி வெயிலில் கறுத்துவிடுவாள் என்றார்கள். ஒருத்தி வயசுக்கு வந்துவிட்டாள். இன்னொருத்திக்குக் கால் ஒடிந்தால் அவளை யார் கட்டிக்கொள்வார்? எங்கள் அப்பா சம்மதித்தார். கடலிலிருந்து திரும்பிய களைப்பில், மிஸ் கேட்டது இன்னதென்று அவர் காதில் சரியாக விழவில்லை.

அக்கா நன்றாக ஓடுவாள். இடித்துத் தள்ளினாலும் எழுந்து ஓடுவாள். ஆனால் பந்து நின்றது என் காலில்தான். எனக்கே அது தெரியாது, மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது. புதுச்சேரி சிறுமியர் அணிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேம்மா. ஆனா சின்னவளுக்குத்தான் சான்ஸ் அதிகம்" என்றார்.

அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"இன்னா மிஸ் சொல்றீங்க? பெரியவ இருக்க சொல்ல சின்னவள எப்படி முன்னாடி அனுப்பறது? பெரியவகிட்ட இன்னாவோ கொறைன்னு ஊர்ல பேச மாட்டாங்களா?"

"இது கல்யாணம் இல்லம்மா, மேட்ச்."

"எல்லாம் ஒண்ணுதான் மிஸ்."

ஆட்டத்தன்று காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டபடியே அம்மா சொன்னாள்: "பந்து வந்தா அக்காகிட்ட குடுத்துடு. நீ முந்திக்கினு போவாத. அடுத்த வருசம் உன் மொற வரும்." குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. இருக்கிற முறுக்கில் பாதியை அக்காவுக்குக் கொடு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். நானும் அப்படியே தலையாட்டினேன்.

நகரத்து மைதானத்தில் வந்திருந்த பெண்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். நானும் அக்காவும் ஒரே பக்கம். வெளியே நாற்காலி போட்டு மூன்று பேர் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார்கள். பந்து வந்தபோதெல்லாம் நான் அக்காவைத் தேடித் தேடிக் கொடுத்தேன். முதல் பாதியில் அவள் ஒரு கோல் போட்டாள்.

இரண்டாம் பாதியில் இரண்டு பேரைத் தாண்டிவிட்டேன். என்னைத் தடுக்க ஓடி வந்த கோல்கீப்பர் சறுக்கி விழுந்தாள். எதிரே யாருமே இல்லை. வலப்பக்கம் ஓடி வந்துகொண்டிருந்த அக்கா கத்தினாள்.

"நீயே அடிடி! அடிடி!"

நான் நின்றேன். பந்தை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஓடி வந்த வேகத்தில் பந்து அவள் காலில் பட்டு உள்ளே போனது. எல்லையோரம் நின்றிருந்த மிஸ் தலையில் கைவைத்தபடி திரும்பிக்கொண்டார்.

பெயர் வாசித்தார்கள். அக்காவின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. மிஸ் அந்த மூவரிடமும் போய் ஏதோ மன்றாடினார். அவர்களில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. "அந்தச் சின்னப் பொண்ணு பயப்படுது மேடம். பந்து வந்தாலே யார் தலையிலயாவது கட்டிடுது."

நான் பயப்படவில்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாதென்பதால் சொல்லவில்லை.

வீட்டில் அன்று வஞ்சிர மீன் வறுத்தார்கள். அம்மா என் கன்னத்தைத் தடவி, "தங்கமான புள்ள" என்றாள். அக்கம்பக்கத்தார்கூட என்னைத்தான் புகழ்ந்தார்கள். கோல் போட்டவள் சாப்பிட்ட தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பயிற்சி முகாமுக்குப் போன அக்கா ஆறாம் நாளே பையோடு திரும்பி வந்துவிட்டாள். கால் வலி என்றாள். அதன்பின் அவள் பந்தைத் தொடவேயில்லை. அடுத்த வருடம் மிஸ் எனக்காக வந்து நின்றபோது அம்மா அழாத குறையாகச் சொன்னாள்: "வாணாம் மிஸ். பெரியவளையே திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப இவ போனா அவளக் குத்திக் காட்டற மாதிரி ஆயிடும்." மிஸ் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். என் முறை வரவேயில்லை.

இப்போது அரியாங்குப்பத்தில் இருக்கிறேன். இந்தியா ஆடும் ஆட்டம் என்றால் என் கணவரும் அவருடைய நண்பர்களும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள். ஒருமுறை, கோலுக்கு நேர் எதிரே பந்தோடு நின்ற இளம்பையன் ஒருவன், தானே அடிக்காமல் பந்தை அணியின் மூத்த ஆட்டக்காரருக்குத் தள்ளினான். அது வீணாய்ப் போயிற்று. நம்மாட்களுக்கு உயரம் பத்தல, சாப்பாடு சரியில்ல, நல்ல கிரவுண்டு இல்ல என்று நண்பர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த வருடம் பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அக்கா வீட்டின் பின்புறம் நின்று சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அங்க உனக்கு யாரும் பாஸ் குடுக்கலியாக்கா?"

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் முழுக்க வடிந்த பிறகும் பிழிந்தாள்.

"குடுத்தாங்கடி. ஆனா உன்ன மாதிரி யாரும் குடுக்கல."

எனக்கு ஒரே பெருமை. அக்கா என்னைப் பாராட்டினாள் என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.