கோயில் வழிகாட்டியில் நான் போட்ட கிராஸ்

எனக்குச் சிட்டிசன்ஷிப் கிடைத்த வருடம், நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்க் கோயில் கமிட்டி பள்ளிகளை நிர்வகிக்கும் போர்டுக்கான தேர்தலுக்கு ஒரு வாக்காளர் வழிகாட்டி தயாரித்தது. வேட்பாளர்களுக்குப் போன் செய்து கேள்வி கேட்கும் வேலையை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறதென்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த ஊரிலோ யாரைப் பார்த்தாலும் வானிலையைத்தான் பேசுகிறார்கள்.

கேள்விகள் மூன்று. தீபாவளிக்கு விடுமுறை விடுவீர்களா, மதிய உணவில் தினமும் சைவம் உண்டா, பாடத்தில் இந்து மதத்தைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்பீர்களா. தெளிவாக ஆம் என்றால் டிக், இல்லாவிட்டால் கிராஸ். கோயில் யாரையும் ஆதரிக்கக் கூடாது என்பது சட்டமாம், டிக் போடுவது ஆதரவு ஆகாதாம். அந்த வித்தியாசம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நான்காவதாக ஒன்றைச் சேர்க்கலாமா என்று கமிட்டி அங்கிளிடம் கேட்டேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பேச்சு அதிகம் வராது. வகுப்பில் அவளுக்கு உதவ, பக்கத்திலேயே ஒரு எய்ட், அதாவது உதவியாளர், உட்கார்ந்திருப்பார். அவரை நம்பித்தான் பள்ளிக்கே அனுப்பினோம். எய்டுகளைக் குறைக்கப்போவதாக அந்த வருடம் பேச்சு அடிபட்டது.

"அது நம்ம ரிலிஜன் சம்பந்தப்பட்டது இல்லையேம்மா. இந்த மூணு போதும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்," என்றார் அங்கிள்.

நான் சும்மா இருக்கிற ஆளா? போனை வைக்கும் முன் அதையும் கேட்டேன். போட்டியில் இருந்தது இரண்டே பேர். மூன்றுக்கும் தேனாக ஆம் சொன்னவர், எய்டுகளைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். இன்னொருவர் ஓய்வுபெற்ற நர்ஸ். தீபாவளிக்கு விடுமுறை விட்டால் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள் என்று திருப்பிக் கேட்டார். மற்ற இரண்டுக்கும், தெரியாமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எய்ட் என்றதும் குரலே மாறிவிட்டது. என் மகள் மதியம் யாரோடு சாப்பிடுகிறாள் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. எய்டுகள் மேல் கைவைக்க விடமாட்டேன் என்று சொல்லித்தான் போனை வைத்தார்.

விதிப்படி அவருக்கு மூன்று கிராஸ் போட்டேன். அனுப்பும்போது என் ஓட்டு என் கையில்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழிகாட்டி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றியது.

அந்த வாரம் என் கணவர் வேலையாக டெக்ஸாஸ் போயிருந்தார். அவர் திரும்பி வந்த மறுநாள், சாப்பிடும்போதுதான் நர்ஸ் கதையை ஆரம்பித்தேன்.

"யாரு, மூணு கிராஸ் வாங்கினவங்களா?" என்றார். "நான் காலைலயே தபால்ல வந்த ஓட்டுச் சீட்ட ஃபில் பண்ணி டிராப் பாக்ஸ்ல போட்டுட்டேனே. வாட்ஸ்அப்ல வந்த உன் கைடப் பாத்து டிக் வாங்கினவருக்குத்தான் போட்டேன்."

எய்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"நீ பண்ண கைடாச்சே," என்றார் மெதுவாக. "பாப்பா விஷயத்த கேக்காமலா நீ டிக் போட்டிருப்பன்னு நினைச்சேன்."