வடிகட்டிய தண்ணீர்

என் வேலை என்னவென்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் பதினோரு வருடமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "தண்ணி டெஸ்ட் பண்றேன்." இது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. என் மாமியார் அதற்குக் கொஞ்சம் மெருகேற்றி, "என் மருமக தண்ணிய சுத்தம் பண்ற ஆபீஸ்ல இருக்கா" என்று கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்வார். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் உள்ள புது மனைகளில், ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்துகிற சின்ன பரிசோதனைக்கூடம் அது. ஏதாவது கம்பெனி புது மருந்தோ புது ரசாயனமோ செய்தால், அது ஏரி குளத்தில் கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கண்ணாடிக் குவளைகளில் கலந்து, ஒவ்வொரு குவளையிலும் நீர்த்தெள்ளு என்கிற குளத்துப் பூச்சியின் குஞ்சுகள் ஐந்தை விடுவோம். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத, ரவையை விடச் சின்னக் குஞ்சுகள். இரண்டு நாள் கழித்து எத்தனை அசையவில்லை என்று எண்ணி எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான்.

இதை ஏன் வீட்டில் மறைத்தேன் என்றால், நாங்கள் சமணர்கள். வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் எல்லாரும் விவசாயம்தான், எங்களுக்கென்று கோயிலும் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்போம். தண்ணீரை நாலாக மடித்த துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. அப்படிப்பட்ட வீட்டின் மருமகள், கண்ணுக்குத் தெரியும் உயிர்களைத் தேடிப் பிடித்து மருந்தில் போடுகிறாள் என்று எந்த வாயால் சொல்வது?

அத்தைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய அக்கா மகன் நிலத்தில் குட்டை வெட்டி மீன் வளர்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறமும் அவர் வீட்டு விசேஷம் ஒன்றையும் அத்தை விட்டதில்லை. போவார், பேசுவார், வாழ்த்துவார். ஆனால் குடிக்கத் தண்ணீர் மட்டும் கைப்பையில் பாட்டிலில் கொண்டுபோவார். ஏழு வருடமாக அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அதே அத்தைக்குத் தினமும் காலையில் எழுந்ததும் வெந்நீர் கொடுப்பது நான். "நீ குடுத்தாத்தான் எனக்கு இறங்குது" என்பார். அந்தச் சொம்பை ஒரு நாள் என் கையிலிருந்து வாங்காமல் போய்விடுவாரோ என்ற பயம் பதினோரு வருடமாக எனக்குள் இருந்தது.

வேலை பிடிக்காமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். லென்சில் வைத்துப் பார்த்தால் நீர்த்தெள்ளின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே இதயம் துடிப்பது தெரியும். இன்றைக்கும் காலையில் போனதும் வளர்ப்புத் தொட்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் கைப்பையையே கீழே வைக்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் சார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வேர்க்கடலை போடும் குடும்பம். என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்கு அன்றைய பொழுது போகாது. மருந்து கலக்காத வெறும் தண்ணீரிலும் நாங்கள் இருபது குஞ்சுகளை விடுவது உண்டு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. சோதனை முடிந்ததும் அவற்றை நான் கொட்ட விடமாட்டேன். தனியாக ஒரு தொட்டியில் விட்டுத் தீனி போட்டு வளர்ப்பேன். அதற்கு சார் வைத்த பெயர் பென்ஷன் தொட்டி. கிணற்றுத் தண்ணீரை நான் துணியில் வடிகட்டித்தான் சோதனைக்கு எடுப்பேன். அதைப் பார்த்தால், "மேடம், பூச்சிக்குள்ள பூச்சி பூந்துடும்னா வடிகட்டறீங்க?" என்பார். பதினோரு வருடமாக வடிகட்டியும் ஒரு சோதனைகூடக் கெட்டுப்போனதில்லையே என்று நான் முறைப்பேன்.

போன வருடம் அந்தத் துணி கிழிந்துவிட்டது. வீட்டுக்காரருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, "அத்தை, ஆபீஸ்ல தண்ணி வடிகட்டணும், நல்லா துவைச்சு வைங்க" என்று கொடுத்துவிட்டு நான் பாட்டுக்கு மற்ற வேலையைப் பார்த்தேன். மறுநாள் மல்லிகை வாசனையோடு மடித்து வைத்திருந்தார். எனக்கு அது மூக்கில் ஏறியதே தவிர மண்டையில் ஏறவில்லை.

அந்த வாரம் ஒரு களைக்கொல்லியைச் சோதிக்க வேண்டியிருந்தது. புதுத் துணியில் தண்ணீர் வடிகட்டி, குவளைகளை வரிசையாக வைத்து, எல்லாம் சேர்த்து நூற்றிருபது குஞ்சுகளை விட்டோம். மறுநாள் பார்த்தால் மருந்துக் குவளைகளை விடுங்கள், வெறும் தண்ணீரில் இருந்த இருபதும் அடியில் கிடந்தன. குவளையை மெல்லச் சுழற்றிவிட்டுப் பதினைந்து விநாடி எண்ணிப் பார்த்தேன். ஒன்றுகூட எழும்பவில்லை. வெறும் தண்ணீரில் இரண்டுக்கு மேல் போனாலே அந்தச் சோதனை செல்லாது. மொத்தத்தையும் கொட்டவேண்டியதுதான். குவளை சரியாகக் கழுவவில்லை என்று நான் சாரிடம் எரிந்து விழுந்தேன். அவர் எல்லாவற்றையும் மறுபடி கழுவினார். மறுபடி நூற்றிருபது. மறுபடியும் இருபதும் அடியில். எனக்கு அழுகை வந்துவிட்டது. மருந்தின் குணத்தைத் தெரிந்துகொள்ளப் போன உயிருக்கு ஒரு காரணமாவது உண்டு. இதற்கு என்ன காரணம் சொல்வேன்?

சார்தான் ஒரு வேலை செய்தார். எனக்குச் சொல்லாமல், கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுத்து ஒரு குவளையிலும், நான் வடிகட்டிய தண்ணீரை இன்னொரு குவளையிலும் வைத்து ஐந்தைந்து குஞ்சுகளை விட்டிருந்தார். மறுநாள் இரண்டையும் என் முன்னால் வைத்தார். வடிகட்டாததில் ஐந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. வடிகட்டியதில் ஐந்தும் அடியில் கிடந்தன.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க துணிதான்."

துணியை எடுத்து முகர்ந்தேன். நனைந்து காய்ந்தும் மல்லிகை போகவில்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. துணிக்கு வாசனை வருவதற்காகக் கடைசி அலசலில் ஊற்றுகிற திரவம். அது துணியிலேயே தங்குவதற்கென்று செய்யப்பட்டது. நீர்த்தெள்ளுக்கு அது விஷம். இதைப் பாடமாகவே படித்தவள் நான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினேன். "அத்தை, இந்தத் துணியில இன்னா ஊத்துனீங்க?"

"வாசனைத் தண்ணிதான். ஆபீஸுக்குப் போற துணியாச்சேன்னு ரெண்டு மூடி ஜாஸ்தியா ஊத்தினேன். ஏன், வாசனை கம்மியா இருக்கா?"

"அதுல இருந்த ஜீவன் எல்லாம் போச்சு அத்தை!"

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அத்தை கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"இன்னா ஜீவன்? தண்ணி டெஸ்ட்னு தானே சொன்ன?"

இனி எதை மறைப்பது? உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குவளை, குஞ்சு, இரண்டு நாள், எண்ணுவது, பதினோரு வருடம். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "துணியால எத்தனை?"

"வெறும் தண்ணில இருந்தது மட்டும் ரெண்டு தடவைக்கும் சேர்த்து நாப்பது. சார் வச்ச அஞ்சோட நாப்பத்தஞ்சு."

எழுந்து சமையலறைக்குப் போனார். தானே குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் வெந்நீர் வைத்துக்கொண்டு போய் நின்றேன். "வச்சுட்டுப் போ" என்றார். நான் திரும்பி வந்து பார்க்கும்போது சொம்பு வைத்த இடத்தில் நிரம்பியபடியே இருந்தது. அன்று முழுக்க அவர் உபவாசம். அடுத்தடுத்த நாட்களும் தண்ணீரைத் தானே மொண்டுகொண்டார். என் வீட்டுக்காரர், "விடு, சரியாயிடும்" என்றார். அவர் வாழ்க்கையில் எல்லாப் பிரச்சினைக்கும் அந்த ஒரே மருந்துதான். மீன் குட்டைக்காரரோடு நானும் சேர்ந்துவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று போய்ச் சொல்லலாமா என்றும் நினைத்தேன். ஆனால் அதுவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும், எனக்கு விட மனமில்லை.

ஐந்தாம் நாள் காலை என் கைப்பையின் மேல் ஒரு புதுத் துணி மடித்து வைத்திருந்தது. எடுத்து முகர்ந்தேன். வெறும் வெயில் வாசனை.

"வெறும் தண்ணியில ஏழு தடவை அலசியிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மிஷின்ல போடல."

அந்தத் துணியில் வடிகட்டித்தான் மூன்றாம் முறையாகச் சோதனையைத் தொடங்கினோம். இரண்டு நாள் கழித்து எண்ணும் நாளன்று, நான் மதியம் சாப்பிட வந்துவிட்டுக் கிளம்பும்போது அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "எத்தனை மணிக்குப் பார்ப்ப? நானும் வரேன்." மூன்று தெரு தள்ளித்தான் பரிசோதனைக்கூடம்.

சார் அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நேரம் ஆனதும் முதலில் வெறும் தண்ணீர்க் குவளைகளை எடுத்தேன். சுழற்றினேன். நான்கு குவளையிலும் எல்லாம் துள்ளி எழும்பின. அத்தை விரலை மடக்கி மடக்கித் தானும் எண்ணினார். "இருபதும் இருக்கு!" என்று சத்தமாகச் சொன்னார். ஒன்றை லென்சுக்கு அடியில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார். "ஐயோ, நெஞ்சு எப்படி அடிச்சுக்குது பாரு" என்றார்.

பிறகு மருந்துக் குவளைகள். மூன்றாவது வரிசையில் ஒன்று அடியில் கிடந்தது. சுழற்றிவிட்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பத்து தாண்டியது.

"இரு, இரு. எழுந்துக்கும்" என்றார் அத்தை.

பதினைந்து ஆயிற்று. எழவில்லை.

"இன்னும் கொஞ்சம் பாரேன்."

"முடியாது அத்தை. எல்லாத்துக்கும் பதினஞ்சு செகண்டுதான்." நோட்டில் 'அசைவு இல்லை' என்று எழுதினேன்.

"ஜீவன் போச்சுன்னு எழுத வேண்டியதுதானே?"

"சில நேரம் அசையாது, ஆனா நெஞ்சு மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கும் அத்தை. அதனாலதான் இப்படி எழுதறோம்."

"அப்போ ஜீவன் இருக்குன்னு எழுது."

சார் சிரித்துவிட்டார். "அம்மா, நீங்க ரெண்டு பக்கமும் கேட் போடறீங்களே!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி இரண்டு வரிசைகளை எண்ணும்போது அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எண்ணி முடித்து, வெறும் தண்ணீரில் இருந்த இருபதையும் அவர் கையாலேயே பென்ஷன் தொட்டியில் விட வைத்தேன்.

திரும்பி நடக்கும்போது கேட்டார், "இந்த மருந்தை இன்னா பண்ணுவாங்க?"

"ஏரி, கால்வாய் கிட்ட அடிக்காதீங்கன்னு டப்பா மேல போடணும்னு எழுதுவோம்."

"யாரு படிக்கப் போறாங்க?"

"கொஞ்ச பேர் படிப்பாங்க அத்தை."

"ஊர்ல நம்ம கடலைக் கொல்லையில எத்தனை வருஷம் மருந்து அடிச்சோம். மழை பெஞ்சா எல்லாம் ஓடிப் போய் ஏரியிலதான் விழும். அந்தக் கடலையத்தான் தின்னோம். எத்தனை போச்சுன்னு ஒருத்தரும் எண்ணல. நீ ஒருத்திதான் உக்காந்து எண்ணுற." அதைப் பாராட்டாகச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அது மறைந்துவிட்டால் அத்தை தண்ணீர்கூடத் தொடமாட்டார். நடந்து வந்த களைப்பில் முகம் வாடியிருந்தது. கொண்டுவரட்டுமா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எப்படியும் தானே எழுந்துபோய் மொண்டுகொள்வார் என்று கைப்பையை மாட்டுவதுபோல ஓரமாக நின்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்தார்.

"ஒரு வாரமா யோசிச்சேன். ஜீவனைக் கொன்னவ கையால தண்ணி வாங்கக் கூடாதுன்னா, என் கையாலயும் நான் மொண்டு குடிக்கக் கூடாது. நாப்பத்தஞ்சு நான் கொன்னிருக்கேன். ரெண்டு பேரும் காஞ்சு கிடக்க வேண்டியதுதான்." ஜன்னலைப் பார்த்தார். "பொழுது போவுது, நிக்காத. போய் எடுத்துட்டு வா."