நிதானம் கார்டு வாங்கிய கதை

டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. பாராட்டி வைத்தார்களா, எரிச்சலில் வைத்தார்களா என்பதும் தெளிவாக இல்லை. இருபத்தேழு வருடம் பதினேழாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவர். அத்தனை வருடத்தில் பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை, பயணிகளில் ஒருவர்கூட சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பச்சை விளக்கைப் பார்த்தாலே, இது எப்போது மஞ்சளாகும் என்று யோசித்து பிரேக்கில் கால் வைக்கிற ஆள். பின்சீட்டில் யாராவது முணுமுணுத்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அப்பேர்ப்பட்டவரை இந்த வருட மருத்துவப் பரிசோதனையில் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். கண் டாக்டரிடம் ஒரு மெஷின் இருந்தது. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, நடுவிலிருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்; ஓரத்தில் எங்கேயாவது வெளிச்சம் மினுங்கினால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வலது பக்கம் மினுங்கியபோதெல்லாம் நிதானம் தவறாமல் அழுத்தினார். இடது பக்கம் மினுங்கவே இல்லை என்பது அவருடைய கட்சி. நாற்பது தடவை மினுங்கியது என்பது டாக்டரின் கட்சி.

"நேரா பார்த்தா எல்லாம் நல்லாத் தெரியும். ஓரப் பார்வைதான் இடது பக்கம் குறைஞ்சிருக்கு. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தலாம்," என்றார் டாக்டர். "மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, பஸ்ஸை மறந்துடுங்க."

நிதானம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

"மெஷின்ல இடது பக்கம் பல்பு போயிருக்கு."

மனைவி திரைச்சீலைக் கடையில் அளவெடுத்துத் தைப்பவர். அரை இஞ்ச் கோணலைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பார். கணவர் முகத்தையும் அதே மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு, சாப்பாடு போட்டார்.

டிப்போவில் அவரை நேரக்காப்பாளர் மேஜையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஓட்டும் பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதும் வேலை. பதினேழாம் நம்பரை ஒரு தற்காலிக டிரைவர் ஓட்டினார். அவர் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தார். நிதானம் அதை எழுதும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.

வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட மகள் அப்பாவின் நிலைமையைக் கேட்டு, ஒரு ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கி அனுப்பினாள். வீட்டு முன்னறையில் அவள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் போனில் சொல்லிச் சொல்லியே ஏற்றிக் கொடுத்தாள்.

நிதானத்துக்கு அது விளையாட்டு இல்லை. சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பார், ஏறுவதற்கு ஆளே இல்லாவிட்டாலும் கதவைத் திறந்து மூடுவார். வேகமாகப் போனால் அந்த விளையாட்டில் அதிகப் புள்ளிகள் உண்டு. அவர் எடுத்த புள்ளிகளைப் பார்த்து, விளையாட்டு சரியாக ஏறவில்லையோ என்று மகளுக்கே சந்தேகம் வந்தது.

ஒரே ஒரு குறை. திரையின் இடது ஓரத்தில் தெரியும் பக்கக் கண்ணாடியில் பைக்குகள் ஒழுங்காக வருவதில்லை. தூரத்தில் சின்னதாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதுதானே முறை? இவை அப்படி இல்லை. ஒன்றுமே இருக்காது, திடீரென்று கதவுக்குப் பக்கத்தில் ஒரு பைக் முளைக்கும். வலது பக்கம் எல்லாம் முறைப்படி வந்தன.

மகளிடம் போனில் சொன்னார்.

"கம்ப்யூட்டருக்குள்ள படம் வரையற கார்டு பழசுப்பா. அதால அவ்வளவையும் வரைய முடியல. ஒண்ணு பண்ணுங்க, சைடு மிரரை ஆஃப் பண்ணிடுங்க, வண்டி ஸ்மூத்தா ஓடும்."

நிதானம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சைடு மிரர் இல்லாம பஸ்ஸை எடுக்கச் சொல்றியா?" என்றார். பெற்ற மகளிடம் அவர் இவ்வளவு வருத்தமாகப் பேசியது அதற்கு முன் ஒரு தடவைதான், அவள் பரீட்சைக்கு முதல் நாள் சினிமாவுக்குப் போனபோது.

ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை அவர் மனதில் நன்றாக ஒட்டிக்கொண்டது. கார்டு பழசு. அதாவது, தப்பு கண்ணில் இல்லை. டாக்டரின் மெஷினில் பல்பு போயிருக்கிறது, வீட்டு மெஷினில் கார்டு பழசாகியிருக்கிறது. புது கார்டு போட்டு, அந்த பைக்குகள் ஒழுங்காக வருவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், மூன்றாம் மாதம் தெம்பாகப் போய் டாக்டர் முன்னால் உட்காரலாம். கிராஃபிக்ஸ் கார்டு வாங்க மனிதர்கள் எத்தனையோ காரணம் சொல்வார்கள். இந்தக் காரணத்துக்காக வாங்கக் கிளம்பியவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கம்ப்யூட்டர் கடை, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. மூன்றாவது தடவை போகும்வரை பொறுமையாகத்தான் இருந்தார். நிதானம் மொத்தம் ஒன்பது தடவை போனார்.

"பைக் லேட்டா வருதா? ஆமா சார், கார்டுல மெமரி கம்மியா இருந்தா அப்படித்தான், தூரத்துல இருக்கறதை லேட்டாத்தான் வரையும்," என்று கடைக்காரர் சொன்னதும் நிதானத்துக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. "மைலேஜ் என்ன?" என்று கேட்டார்.

கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று சொன்னார். நிதானம் குறித்துக்கொண்டார்.

முதலில் காட்டிய கார்டில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. "ஆம்புலன்ஸா இது?" என்று கேட்டுத் தள்ளி வைத்தார். அடுத்தது மூன்று மின்விசிறி வைத்த பெரிய கார்டு. வீட்டுக்குப் போய், பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மனைவியின் அளவு டேப்பால் உள்ளே அளந்தார். முக்கால் இஞ்ச் இடிக்கும் என்று தெரிந்தது. டேப்பை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று அன்றைக்கு ஒரு சின்னச் சண்டை. அதற்கடுத்து, கை மாறிய கார்டு ஒன்று மலிவாக வந்தது.

"ஒருத்தர் கையில இருந்த வண்டியா, பல பேர் ஓட்டினதா?"

"ஒருத்தர்தான் சார். ஆனா ஒளிக்காம சொல்லிடறேன், ரெண்டு வருஷம் ராப்பகலா நிறுத்தாம ஓட்டியிருக்கார். பிட்காயின்னு ஏதோ கம்ப்யூட்டர் காசு எடுக்கறேன்னு."

"டபுள் டியூட்டி பார்த்த வண்டி. வேண்டாம்," என்றார் நிதானம். அதன்மேல் அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

ஏழாவது தடவை போனபோது, ஒரு மாதம் பொறுத்தால் இதைவிட நல்ல கார்டு வரும் என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதம் காத்திருந்திருப்பார்கள். எதிலும் அவசரப்படாத நிதானத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரம். மூன்று மாதத்தில் இரண்டு ஓடிவிட்டது. கடைசியில் இரண்டு மின்விசிறி, போதுமான மெமரி, இருக்கிற பவர் சப்ளையே தாங்கும், விளக்கு கிடையாது என்று ஒரு கார்டு முடிவானது. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத கறுப்புக் கட்டை. நிதானத்துக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போனது.

கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்தார். படம் வந்ததும் நிதானம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாலையோர மரத்தில் இலைகள் தனித்தனியாக ஆடின. வலது பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது. பயணிகளுக்கு முகம் வந்திருந்தது. அதில் எரிச்சலும் தெரிந்தது.

இடது பக்கம் மட்டும் பைக்குகள் பழையபடியே கதவோரம் முளைத்தன.

மூன்று நாள் ஓட்டிப் பார்த்தார். டிப்போவில் எழுதுவது போலவே ஒரு தாளில் எழுதி வைத்தார். முதல் நாள், இடது, தாமதம். இரண்டாம் நாள், இடது, தாமதம். மூன்றாம் நாள் ஒன்றும் எழுதவில்லை. ஒன்பது தடவை பார்த்துப் பார்த்து வாங்கியும் ஏமாந்துவிட்டோமே என்று கடைக்காரர்மேல் கோபம் வந்தது. பெரிய கார்டாக மாற்றித்தரச் சொல்லி போன் செய்து ஒரு மூச்சு கத்தினார். பெட்டியையும் மாற்றிக்கொள்ளத் தயார் என்றார். கடைக்காரர் விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

மறுநாள் மனைவிக்கு வார விடுமுறை. பீன்ஸ் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக இந்த மனிதர் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று அவருக்கும் ஒரு ஆசை. நிதானம் முன்னறையில் பஸ்ஸை எடுத்தார்.

"ஏங்க, பைக் வருது," என்றார் மனைவி.

"எங்க?"

"இடது பக்கம், கண்ணாடியிலதான். சிவப்புச் சட்டை."

நிதானம் முகத்தைத் திருப்பி நேராகப் பார்த்தார். இருந்தது. தூரத்தில், சின்னதாக, சிவப்புச் சட்டையோடு முறைப்படி வந்துகொண்டிருந்தது.

அவர் மறுபடி சாலையைப் பார்த்தார். "இனிமே ஒவ்வொண்ணு வரும்போதும் சொல்லு. நான் திரும்ப மாட்டேன்."

மனைவி சொன்னார். "வருது." நிதானம் மனதுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கதவோரம் பைக் முளைத்தது. "வருது." ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி முளைத்தது. ஐந்தாவது தடவை அவர் ஏழு வரை எண்ணியும் ஒன்றும் முளைக்கவில்லை. "என்ன ஆச்சு?" என்றார். "அது தாண்டிப் போயிடுச்சுங்க," என்றார் மனைவி. சொல்லும்போதே அவர் கை பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நிதானம் இரண்டு நிறுத்தங்கள் காத்திருந்தார்.

"ஏன், எதுவும் வரலையா?"

"வரலைங்க."

முகத்தைத் திருப்பிப் பார்த்தார். கதவுக்குப் பக்கத்தில் ஒன்று, பின்னால் இன்னொன்று. மனைவி தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவருக்குப் பொய் சொல்லப் பழக்கமே இல்லை. அதை அவ்வளவு மோசமாகச் சொன்னார்.

நிதானம் அவசரம் காட்டாமல் இன்டிகேட்டர் போட்டு, பஸ்ஸை ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்தார். எரிச்சல் முகத்தோடு பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். போன் அடித்தது. கம்ப்யூட்டர் கடைக்காரர்.

"சார், கம்பெனில பேசிட்டேன். இதை எடுத்துக்கிட்டு அதைவிடப் பெருசு தரேங்கறாங்க. கொண்டு வர்றீங்களா?"

"வேண்டாம் தம்பி. கார்டு நல்லா இருக்கு. அதுல ஒரு குறையும் இல்லை."

"லெஃப்ட்ல லேட்டா வருதுன்னீங்களே?"

"அது சரியாத்தான் வருது. எனக்குத்தான் தெரியல. நேத்து உங்ககிட்ட கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். இரண்டு மாதத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். பரிசோதனைக்குப் பத்து நாள் முன்பு, மார்க்கெட் நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரம்கட்டும்போது, பைக்கில் வந்த ஒருவர் பயந்து நடைபாதைமேல் ஏறி விழுந்துவிட்டார். பஸ் படவில்லை. எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். தப்பு அந்த ஆள்மேல்தான், எங்கிருந்தோ திடீரென்று வந்து புகுந்தான் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் திடீர்னு வரல," என்றார் நிதானம். "வந்துக்கிட்டேதான் இருந்திருக்கான்."

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரம்தான், பீன்ஸ் பாக்கி இருந்தது.

அடுத்த நாள் காலை டிப்போ மேலாளர் வந்து உட்காரும் முன்பே அவர் அறை வாசலில் நிதானம் நின்றுகொண்டிருந்தார். மறுபரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, அதை இந்த வாரமே வைக்க முடியுமா என்று கேட்டார். இருபத்தேழு வருடத்தில் இந்த மனிதர் எதையும் முன்னதாகச் செய்யக் கேட்டு மேலாளர் பார்த்ததில்லை.

"என்ன நிதானம், அவ்வளவு நம்பிக்கையா?" என்று சிரித்தார்.

"ஆமா சார்," என்றார் நிதானம். "டாக்டர் மெஷின்ல பல்பு எதுவும் போகலைன்னு."