சந்தேகக்காரன் போட்டுக்கொண்ட ஊசி

சிஜின் தீவுக்குப் போகும் படகில் யுங்செங் எஞ்சின் பார்க்கிறான். நான் வாசலில் நின்று பயணிகளை ஏற்றி இறக்குகிறேன். பதினோரு வருடப் பழக்கம். நல்லவன்தான், ஆனால் எதையும் நம்பமாட்டான். புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னால், சொன்னவர் யார் என்று கேட்பான்.

இருபது வயதில் கட்டாய ராணுவச் சேவையில் இருந்தபோது, ரத்தம் எடுக்க வந்த மருத்துவ உதவியாளரிடம் தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று நம்பிச் சொல்லிவிட்டான். ஒரு வாரத்தில் முகாம் முழுக்கத் தெரிந்தது. விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அப்பா கதவைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிப் படிவம் எதையும் அவன் முழுதாக நிரப்பியதில்லை.

அவன் துணைவன் ஹாவ்பின் படகுத்துறைக்குப் பின்னால் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறான். ஒன்பது வருடமாக ஒன்றாக வாழ்கிறார்கள். ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த மறுவருடம் கல்யாணத்தைப் பதிவும் செய்தார்கள். அன்றைக்கும் யுங்செங், "நம்மள எல்லாம் கணக்கெடுக்கத்தான் இந்த ஏற்பாடோ என்னவோ" என்று சொல்லிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டான்.

போன ஜூன் மாதம் என்னிடம் வந்து நின்றான். முகமே சரியில்லை.

"ஹாவ்பினுக்கு வேற ஆள் இருக்கான்டா."

"எப்படிச் சொல்ற?"

"ரெண்டு மாசம் முந்தி துவைக்கப் போட்ட சட்டையில ரத்தம் பட்ட பிளாஸ்டர் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. கேட்டா, ரொட்டிக் கல்லு சுட்டுடுச்சுங்கிறான். நேத்து அவன் போன்ல மெசேஜ். 'வியாழக்கிழமை பத்து மணி, ரெண்டாவது தடவை, மறந்துடாதீங்க'ன்னு. ரெண்டாவது தடவையாம்!"

"நேராக் கேட்டுடேன்யா."

"கேட்டா உஷாராயிடுவான்."

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தான். ஹாவ்பின் ஒரு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து இரண்டாம் மாடிக்குப் போனான். இவன் தொப்பியும் முகக்கவசமுமாக ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தான். நர்ஸ் ஒருத்தி வந்து கேட்டாள்:

"அண்ணே, நீங்களும் ஹெச்.பி.வி. வைரஸ் தடுப்பூசிக்கா?"

"அது பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமப் போடுறதாச்சே."

"அந்த வைரஸ் ஆம்பள பொம்பள பார்க்காதுண்ணே. ஆசனவாய், தொண்டைன்னு அங்கயும் புற்றுநோய் வரும். ஆண்களோட உறவு வச்சுக்கிற ஆண்களுக்கு ஆசனவாய்ல வர்ற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். அதான் போட்டுக்கச் சொல்றோம்."

"ஓ, எங்களை மட்டும் தனியாப் பொறுக்கிப் பட்டியல் போடுறீங்களா!"

அவன் குரல் உயர்ந்ததும் ஊசி போடும் அறைக்கதவு திறந்தது. சட்டைக்கையைச் சுருட்டியபடி ஹாவ்பின் நின்றான்.

"நீயா? என் பின்னாலயே வந்தியா?"

"எவன் அவன்?"

"எவன் எவன்?"

டாக்டர் ஃபாங் என்கிற ஐம்பது வயது அம்மாள் இருவரையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அங்கேதான் ஹாவ்பின் சொன்னான். மார்ச் மாதம் ஆசனவாயருகே அதே வைரஸால் மரு வந்திருக்கிறது. இந்த அம்மாள்தான் எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்; ஏப்ரலில் முதல் ஊசி, அந்தப் பிளாஸ்டர்தான் சட்டையில் ஒட்டியது, இன்றைக்கு இரண்டாவது.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா முதல்ல என்ன கேப்பேன்னு எனக்குத் தெரியும்."

யுங்செங் அதையேதான் கேட்டான். "யார்கிட்டேருந்து வந்துச்சு?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "வருஷக்கணக்கா சத்தம் காட்டாம உடம்புல கிடக்கும். உங்களைப் பார்க்குறதுக்கு முந்தியே அவருக்கு வந்திருக்கலாம். உங்ககிட்டேருந்தும் வந்திருக்கலாம்."

"என்கிட்டேருந்தா?"

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவன், தன்னை மட்டும் அதில் சேர்த்ததே இல்லை. இதைப் பிறகு அவனே என்னிடம் சொன்னான்.

"சரி, ஊசி போட்டா இவன் மரு போயிடுமா?"

"போகாது. வந்ததை இது குணப்படுத்தாது. இன்னும் வராத வகைகளைத் தடுக்கும். சின்ன வயசுல போட்டிருந்தா பலன் ரொம்ப அதிகம். நாற்பத்தஞ்சு வரைக்கும் போடலாம். உங்க இஷ்டம்."

யுங்செங்குக்கு அப்போது நாற்பத்து நான்கு. இந்த அம்மாள் ஊசியைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை. "என் பேரை எங்க எழுதுவீங்க?" என்றான். நர்ஸ் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். பெயர், தேதி, மருந்து. யாரோடு வாழ்கிறான் என்பதற்கு அங்கே இடமே இல்லை. மூன்று முறை படித்தான். மருந்துப் பெட்டியை வாங்கிக் காலாவதித் தேதி பார்த்தான். பிறகு தோளைக் காட்டினான்.

வாசலில் ஹாவ்பின் சொன்னான்: "வைரஸ் வந்ததுக்கு நான் மன்னிப்புக் கேக்கமாட்டேன். பின்னால வந்ததுக்கு நீ கேளு."

நான்கு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் யுங்செங் கடைக்குப் போய் மற்றவர்களோடு வரிசையில் நின்றான். தன் முறை வந்ததும், "ஒரு முட்டை ரொட்டி. அப்புறம், தப்பு என்மேலதான்" என்றான். ஹாவ்பின் ரொட்டியைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் சீக்கிரம் வா" என்றான்.

செப்டம்பரில் ஹாவ்பினுக்கு மரு திரும்பவும் வந்தது. இந்த முறை இருவரும் சேர்ந்தே போனார்கள். யாரிடமிருந்து என்ற கேள்வி எழவில்லை. டிசம்பரில் யுங்செங் மூன்றாவது ஊசியையும் முடித்தான். அன்றைக்கும் காலாவதித் தேதி பார்த்தானாம்.

மறுநாள் படகில் என்னிடம் கேட்டான். "உனக்கும் ஆம்பளைங்கதானே பிடிக்கும், நீ போட்டுட்டியா?"

"எப்பவோ போட்டாச்சு."

"எங்க, ஊசி போட்ட அட்டையைக் காட்டு."

அட்டை ஏது? அடுத்த வாரம் போய்ப் போட்டுக்கொண்டேன்.